ஹமில்ரனில் வீடு: மலைக்கு மேலேயா, கீழேயா?

கேள்வி
ரொறொன்ரோவில் இருந்து ஹமில்ரனுக்கு மாறப் போறம். ஒராளுக்கு பேர்லிங்ரன் வீதிப் பக்கம் உருக்காலையில் ஷிப்ற் வேலை. மற்றாள் கோ (GO) புறநகர் ரெயினில் ரொறொன்ரோ போய்வர வேணும். "மலைக்கு மேல எடுங்கோ" என்றுதான் எல்லாரும் சொல்லுகினம், ஆனா கீழே பழைய வீடுகள் மலிவாக் கிடக்கு. என்ன செய்யலாம்?

பதில்: மலையடி
மேலே, கீழே என்று மட்டும் பார்த்து முடிவெடுக்காதேங்கோ. மலை என்பது ஏறத்தாழ 100 மீட்டர் உயரச் செங்குத்துச் சரிவு. இறங்கக் கிளெயர்மொன்ற், ஜொலி கட், ஷேர்மன், கெனில்வேர்த் என்று சில பாதைகள்தான். கல் விழுந்து ஒன்றைப் பூட்டினால் மற்றதெல்லாம் நெரிசல். விலாசத்தில் "அப்பர்" என்று இருந்தால் வீடு மலையில. அப்பர் ஜேம்ஸ் வீதியும் ஜேம்ஸ் வீதியும் ஒன்றில்லை.

ரெயினுக்கு என்றால் கீழே கோர்க்ரவுண், டுராண்ட் என்ற இரண்டு பகுதியிலும் இருந்து ஹன்ரர் வீதி நிலையத்துக்கு நடக்கலாம். வடக்கே ஜேம்ஸ் வீதியில் வெஸ்ற் ஹாபர் நிலையம் 2015இல் திறந்தது. வெஸ்ற்டேல் வடிவான இடம், ஆனா மக்மாஸ்ரர் மாணவர் வாடகை வீடுகள் நிறைய.

பதில்: கிழக்குக்காரன்
கீழ்நகரில் உண்மையான எல்லை பார்ட்டன் வீதி. அதுக்கு வடக்கே, ஆலைகளை ஒட்டின தெருக்களில் கறுப்புத் தூசி படியும். வடகிழக்குக் காற்று அடிச்சால் புகை ஊருக்குள்ளதான் வரும்; காற்று அசையாத காலையில் மலையடியில் தேங்கி நிற்கும். வீடு பார்க்கப் போகேக்க வெள்ளை ரிஷுவால யன்னல் விளிம்பைத் துடைச்சு, காந்தத்தைக் கிட்டப் பிடியுங்கோ. துகள் ஒட்டினால் அது இரும்புத் தூசி. பார்ட்டனுக்குத் தெற்கே கிறவுண் பொயின்ற், கேஜ் பார்க் பக்கம் உங்கட இரண்டு வேலைக்கும் தோது. ஒட்டாவா வீதிக் கடைகளும் கிட்ட (ரிம் ஹோர்ட்டன்ஸ் முதற்கடை 1964இல் அங்கதான்).

பதில்: குழாய்
பழைய வீடென்றால் பெயின்ற் பார்க்காமல் பேஸ்மென்றுக்கு இறங்குங்கோ. தண்ணிக் குழாய் சுவரால் உள்ளே வாற இடத்தைத் திறப்பால் சுரண்டுங்கோ. மென்மையாய், வெள்ளியாய் மினுங்கி, காந்தம் ஒட்டாவிட்டால் ஈயம். காந்தம் ஒட்டினால் துருப்பிடிக்கிற நாகமுலாம் (துத்தநாகம் பூசின இரும்பு) குழாய். ஈயத்தில் பாதியை மட்டும் மாற்றினால் கொஞ்சக் காலம் தண்ணியில் ஈயம் கூடும். தெருவில் இருந்து வீடு வரை முழுக்க மாற்ற வேணும்.

அற்றிக்கில் பீங்கான் குமிழில் ஓடுற வயர் இருந்தால் பல காப்புறுதிக் கொம்பனிகள் கை விரிக்கும். மூன்று முள்ளுப் பிளக் பொயின்ற் இருக்கு என்று நம்பாதேங்கோ, பழைய வயரின் நுனியில் அதை மாட்டிவிடுவினம்.

கீழ்நகரில் மழைத் தண்ணியும் கழிவும் ஒரே சாக்கடையில் போற தெருக்கள் கனக்க. கடும் மழைக்குப் பேஸ்மென்றுக்குள் திரும்பி வரும். பின்னோட்டத் தடுப்பு வால்வு இருக்கோ என்று கேளுங்கோ. அது மூடினபடி இருக்கேக்க உடுப்பு மெஷின் போட்டால் உங்கட தண்ணியே உங்கட தரையில் நிற்கும்.

பதில்: மலையடி
ஏரிக்கரையில் பீச் புலவார்ட் வீடுகள் ஆசைப்படுத்தும். 2017இலும் 2019இலும் ஒன்ராறியோ ஏரி ஏறினதை நினைச்சு, சம்ப் பம்புக்கு (பேஸ்மென்றில் ஊறுற தண்ணியை வெளியே இறைக்கிற பம்ப்) பற்றரி இருக்கோ என்று பாருங்கோ. பக்கத்து ஸ்கைவே நெடுஞ்சாலைப் பாலத்து இரைச்சலும் கூடவே வரும்.