உதவித்தொகை நின்ற பிறகு: சமூகப் பணி முனைவர் பட்ட ஆய்வாளர்களின் அனுபவங்கள்

செந்தூல் ஆய்வாளர்

மலேசியாவில் ஆய்வு மானியத்தின் காலக்கணக்கு எப்படி ஓடும் என்று இந்த இணையக் குழுவில் உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் மேற்பார்வையாளர் பெற்றிருந்த எஃப்.ஆர்.ஜி.எஸ். என்னும் அரசின் அடிப்படை ஆய்வு மானியம் 24 மாதங்களுக்கானது. அதிலிருந்துதான் ஆய்வு உதவியாளர் என்ற பெயரில் எனக்கு மாதாமாதம் பணம் வந்தது. நான் சேர்ந்தபோதே அதில் 5 மாதங்கள் கழிந்திருந்தன. ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு மேலும் 7 மாதங்கள் போயின. பேரப்பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் பாட்டிமார்களைப் பற்றியது என் ஆய்வு. ஒப்புதல் வரும்வரை அவர்களில் ஒருவரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. வந்த பிறகும், முதல் சந்திப்பிலேயே குடும்பத் துயரத்தைச் சொல்லிவிட யாரும் காத்திருப்பதில்லை. நான்கைந்து முறை போய், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துக் கொடுத்து, கிளினிக் அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துச் சொன்ன பிறகுதான் ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைக்க எனக்கே மனம் வந்தது. மானியம் முடிந்த அன்று என் கையில் பாதி நேர்காணல்கள்தான் இருந்தன.

என்னை இன்னும் உறுத்துவது அதற்கடுத்த மாதம் நடந்தது. பங்கேற்பாளர் ஒவ்வொருவருக்கும் 20 ரிங்கிட் நன்றித்தொகையை உறையிலிட்டுக் கொடுத்து, ரசீதில் கையெழுத்து வாங்குவது நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட ஏற்பாடு. மானியம் முடிந்த பின் அந்தப் பணத்தை என் சேமிப்பிலிருந்து எடுத்தேன். குறைந்த வருமானத்தினருக்கான பி.பி.ஆர். அரசு அடுக்குமாடி ஒன்றின் 11ஆம் மாடியில் குடியிருந்த பாட்டி ஒருவர், வழக்கமாக மோட்டார் சைக்கிளில் வரும் நான் ஏன் நடந்து வருகிறேன் என்று கேட்டார். மோட்டாரை விற்றுவிட்டதையும் சம்பளம் நின்றதையும் சொல்லிவிட்டேன், சொல்லியிருக்கக் கூடாது. அவர் ரசீதில் நிதானமாகக் கையெழுத்திட்டார். பிறகு, நான் கொடுத்த உறையைப் பிரிக்காமலே என் குறிப்பேட்டின் நடுவில் வைத்து மூடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, “இது உனக்கு இருக்கட்டும்மா, பஸ்ஸுக்கு ஆகும்” என்றார். சமூக நலத்துறையின் உதவித்தொகைக் கடிதம் அவருக்குப் பின்னால் இருந்த சுவரில் நாள்காட்டியோடு சேர்த்து மாட்டப்பட்டிருந்தது. எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

ஜெலுத்தோங் மருத்துவ சமூகப் பணியாளர்

செந்தூல் தோழிக்கு நின்றுபோன பணம் துன்பம் என்றால், எனக்குக் கிடைத்த பணமே துன்பமாயிற்று. எனக்குக் கிடைத்த உபகாரச் சம்பளம் ஒப்பந்தத்தோடு வந்தது. குறித்த காலத்தில் பட்டம் பெறாவிட்டால் முழுத் தொகையையும் திருப்பிக் கட்ட வேண்டும். நிலையான வருமானம் உள்ள இருவர் பிணை நிற்க வேண்டும். அப்பா தோட்டத்தில் வேலை செய்தவர் என்பதால் அவருடைய கையெழுத்து செல்லாது. ஒருவராக என் தலைமைத் தாதி முன்வந்தார். இன்னொருவருக்காகச் சித்தப்பாவிடம் போனேன்.

அவர் முன்னாள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, மலாயில் இருந்த அந்த 14 பக்கங்களையும் விரலை ஓட்டியபடி வரி வரியாகப் படித்தார். பிணையாளர் பொறுப்பைச் சொல்லும் பக்கத்தில் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முடிச்சிடுவேதானேம்மா?” என்று மட்டும் கேட்டார். “முடிச்சிடுவேன் சித்தப்பா” என்றேன். கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் ஆண்டில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. நான்தான் பார்த்துக்கொண்டேன். படிப்பை நிறுத்தினேன். இப்போது மாதந்தோறும் தவணை கட்டி வருகிறேன். சித்தப்பாவுக்கு இதுவரை ஒரு கடிதமும் போகாதபடி பார்த்துக்கொள்கிறேன். அவர் ஒருமுறைகூட இதைப் பற்றிக் கேட்டதில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அதே மேசையில் எனக்கு இலை போடுகிறார்கள்.

பட்டர்வொர்த் ஓய்வுபெற்ற நல அதிகாரி

இரண்டு பதிவுகளையும் படித்து வருந்தினேன். என் கதை சிறியது: 1990களில் வெளிநாட்டு உதவித்தொகை ஒன்றின் நேர்காணலுக்குப் போனேன், ஆள் தேர்வு முன்பே முடிந்துவிட்டது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாகப் படித்து 7 ஆண்டுகளில் பட்டம் பெற்றேன்.

செந்தூல் தங்கை மேற்பார்வையாளரின் மானியத்தை மட்டும் நம்பி முழு நேரமாகப் பதிந்தது தவறு என்பதே என் கருத்து. 24 மாத மானியத்தைக் கொண்டு, குறைந்தது மூன்று ஆண்டுகள் பிடிக்கும் படிப்பை முடிக்க முடியாது என்பது முதல் நாளே தெரிந்த கணக்கு. இளையவர்கள் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். ஊழியர் சேமநிதியில் கல்விக்கென்று பணம் எடுக்கலாம். 2024 மே மாதத்தில் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு அது செஜாத்தெரா (Sejahtera) என்னும் கணக்கிலிருந்து வருகிறது. வருமான வரியில் சொந்தக் கல்விக் கட்டணத்திற்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. முதுகலை, முனைவர் பட்டங்களுக்கு எந்தத் துறை என்ற கட்டுப்பாடும் இல்லை. அரசு ஊழியர்கள் ஹடியா லத்திஹான் பெர்செகுத்துவான் என்னும் கூட்டரசு உதவித்தொகைத் திட்டத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். மேற்படிப்புக்கு அரசு உதவித்தொகை தரும் மைபிரைன் 15 திட்டம், 2023க்குள் 60,000 முனைவர்கள் என்ற இலக்கோடு தொடங்கி, இடையில் நின்று, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 1 கோடி ரிங்கிட் ஒதுக்கீட்டுடன் திரும்பி வந்திருக்கிறது. பிரிட்டன் அரசின் செவனிங் உபகாரச் சம்பளம் ஓராண்டு முதுகலைக்கு மட்டுமே; அதற்காக ஆறு மாதங்களை வீணாக்கியவர்களை நான் அறிவேன். அமெரிக்கச் சமூகப் பணிக் கல்வி மன்றம் 1974 முதல் நடத்தி வந்த சிறுபான்மையினர் ஆய்வு உதவித்தொகையைப் பற்றியும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள்; அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது, நமக்கு உதவாது. பிணையாளர் தேவைப்படும் ஒப்பந்தம் எதுவானாலும், நோய், குடும்பப் பராமரிப்பு ஆகிய காரணங்களுக்காகக் காலத்தை நிறுத்திவைக்கும் விதி அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். ஜெலுத்தோங் தங்கை படிப்பை நிறுத்துவதற்கு முன் ஒத்திவைப்புக்கு எழுதிக் கேட்டாரா என்பதை அறிய விரும்புகிறேன்.

சுங்கை டுவா விரிவுரையாளர்

ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் சொன்ன வழிகளில் பல, ஏற்கெனவே சம்பளம் வாங்குபவருக்கு மட்டுமே பயன்படும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத முழு நேர மாணவிக்கு 7,000 ரிங்கிட் கழிவால் என்ன கிடைக்கும்? 28 வயதுப் பெண்ணின் சேமநிதியில் எடுக்க எவ்வளவு இருக்கும்? பகுதி நேரப் படிப்பும் நம் துறையில் அவ்வளவு எளிதன்று. பகலில் யாருடைய உதவிக் கோப்பில் நாம் பரிந்துரை எழுதுகிறோமோ, அவரையே மாலையில் ஆய்வுக்காக நேர்காண முடியாது. மறுத்தால் உதவி நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் அவர் ஒப்புக்கொள்வார். நெறிமுறைக் குழு முதலில் கேட்பதும் அதைத்தான். செந்தூல் தோழி முழு நேரமாகப் பதிந்ததைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.

என் அனுபவம் ஒரு நேர்காணல் அறையில் நிகழ்ந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரே உதவித்தொகைக்கு எல்லாத் துறையினரையும் ஒரே குழு தேர்வு செய்தது. எனக்கு முன்னால் போனவர் சூரிய மின்கலத் தகட்டின் மாதிரி ஒன்றைக் கையில் வைத்திருந்தார். நான் சிறையிலிருந்து திரும்பும் ஆண்களின் குடும்பங்களைப் பற்றி 10 நிமிடங்கள் பேசினேன். குழுவில் ஒருவர் மதிப்பெண் தாளைப் பார்த்தபடி, “இதில் காப்புரிமை எதுவும் பெற முடியுமா? வணிகப் பயன் என்ன?” என்று கேட்டார். அவர் குரலில் ஏளனம் இல்லை. தாளில் அப்படி ஒரு கட்டம் இருந்தது, அதை நிரப்ப வேண்டியிருந்தது. நான் “இல்லை” என்றேன். அவர் பேனாவால் ஒரு கோடு இழுத்ததைப் பார்த்தேன்.

ஒரு குடும்பம் சிதையாமல் இருந்தால் காப்பகச் செலவும் மருத்துவச் செலவும் அரசுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று நான் விளக்கியிருக்கலாம். அந்தப் பதில் வீடு திரும்பும் பேருந்தில்தான் வந்தது. 1975இலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணிக் கல்வி தொடங்கிவிட்ட இந்தப் பினாங்கிலிருந்து போன நான், இத்துறை எதற்கு என்பதை ஓர் அறையில் இருந்த ஐந்து பேருக்குச் சொல்ல முடியாமல் திரும்பினேன். இப்போது என் மாணவர்கள் நேர்காணலுக்குப் போவதற்கு முன் அந்தக் கேள்வியை மூன்று முறை கேட்டுப் பழக்குகிறேன்.

ஜெலுத்தோங் மருத்துவ சமூகப் பணியாளர்

ஐயா, ஒத்திவைப்புக்கு எழுதினேன். ஒரு பருவம் கொடுத்தார்கள். அப்பா படுக்கையில் இருந்தது நான்கு ஆண்டுகள்.

செந்தூல் ஆய்வாளர்

ஐயா சொன்ன கணக்கு முதல் நாளே தெரிந்ததுதான். மானியம் நீட்டிக்கப்படும் என்று மேற்பார்வையாளரும் நம்பினார், நானும் நம்பினேன். அவரும் என்னைப் போலவே வருந்தினார். டியூஷன் சொல்லிக் கொடுத்து மீதி நேர்காணல்களை முடித்து, ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன்.

அந்த உறையைப் பற்றித் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். பங்கேற்பாளரிடமிருந்து நான் எதையும் பெறக் கூடாது. ஆனால் அவர் கையெழுத்திட்ட ரசீது, பணம் அவரிடம் இருப்பதாகச் சொல்கிறது. அடுத்த முறை போனபோது அதே 20 ரிங்கிட்டுக்கு மைலோவும் பிஸ்கட்டும் வாங்கிப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்தேன். பாட்டி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எதுவும் சொல்லவில்லை, இரண்டு கோப்பைகளில் அந்த மைலோவையே கலக்கி, ஒன்றை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.