மறுமொழி: உருகிய அலுமினியத்தின் மேல் மிதப்பதற்கு என்ன பெயர்?

வணக்கம்.

வார்ப்பு, உருட்டல் கையேடு வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் அச்சுக்குப் போகிறது. இழுபடுவது ‘ட்ரொஸ்’ (dross), அதாவது உருகிய உலோகத்தின் மேல் மிதக்கும் படலத்துக்கான தமிழ்ச் சொல் ஒன்றுதான்.

‘கசடு’ போதும் என்று பலர் எழுதிவிட்டீர்கள். எனக்கு உடன்பாடில்லை. இரும்பு உலையில் சுண்ணாம்புக்கல் சேர்த்துப் பிரிக்கும் கழிவைத்தான் கசடு என்று படிப்பிக்கிறோம். இது வேறு. 660 பாகை செல்சியசில் உருகும் அலுமினியம் காற்றுப் பட்டதும் ஒட்சைட்டுத் தோல் போர்த்துக்கொள்கிறது. அதை வழித்தெடுக்கும்போது நல்ல உலோகமும் கூடவே வரும். சிலவேளை பாதிக்கு மேல் உலோகம்தான். ஆலைகளில் சூட்டோடு அழுத்திப் பிழிந்து மீட்கிறார்கள். கசடு என்று படித்த பிள்ளை அதைக் கொண்டுபோய்க் கொட்டிவிடும்.

அக்கா சொன்ன ‘உலோகவாடை’ பாலாடையை நினைத்துக் கட்டிய அழகான சொல். மகரம் கெட்டு வகர உடம்படுமெய் வந்தது, புணர்ச்சி சரி. ஆனால் வாசிப்பவர் ‘உலோக வாடை’ என்று பிரித்து மணத்தைத்தான் நினைப்பார். இங்கே அது ஆபத்து. வழித்தெடுத்ததில் தண்ணீர் பட்டால், உள்ளிருக்கும் அலுமினிய நைத்திரைட்டு அமோனியாவை விடும், மூக்கைத் துளைக்கும். தீப்பற்றக்கூடிய ஐதரசனும் கிளம்பும். மாரிமழைக்கு ஒழுகும் கொட்டகையில் அந்த மணம்தான் எச்சரிக்கை. எச்சரிக்கைப் பத்தியில் மணத்துக்கும் பொருளுக்கும் ஒரே சொல் வரக்கூடாது.

நான் கேட்பது ‘கிட்டம்’. இரும்புக் கழிவைக் குறிக்கும் ‘இரும்புக்கிட்டம்’ சித்த வைத்தியர்கள் நன்கறிந்த சொல். வடமொழியிலும் ‘கிட்ட’ இருக்கிறதே என்கிறார் ஐயா. இருக்கட்டும். ‘பல்லுக் கிட்டிப்போச்சு’ என்கிறோமே, அந்தக் கிட்டுதல் நெருங்கி இறுகுதல். மேலே இறுகிப் படர்வதற்கு இதைவிடப் பொருத்தமான வேர் வேண்டுமா? வடமொழிக்கு இங்கிருந்தே போயிருக்கலாம் என்பது என் எண்ணம். நிறுவச் சொன்னால் தனி இழையில் பேசலாம்.

பிள்ளைகளுக்குப் புரியாது என்ற வாதத்தை மட்டும் ஏற்கமாட்டேன். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். அந்த மாணவர்களுக்கும் எத்தனையோ சொற்கள் புதிதாகத்தான் இருந்திருக்கும்.

உருட்டல் பகுதியைப் பாருங்கள்: வீட்டு அலுமினியத் தாளின் தடிப்பு ஏறத்தாழ 0.016 மில்லிமீற்றர். பாளத்துக்குள் ஒட்சைட்டுத் துணுக்கு மாட்டினால் அந்த இடத்தில் ஊசித்துளை விழும், இல்லையென்றால் தாள் கிழியும். ‘கிட்டம் வழித்தல்’ என்று தலைப்பிட்டால் அந்த வேலையின் கனம் தெரியும்.

சரி, பெரும்பான்மை கசடு என்றால் அப்படியே அச்சிடுங்கள். சொல்லடைவில் ‘கிட்டம் என்றும் வழங்கலாம்’ என ஒரு வரியாவது சேர்க்கவேண்டும். அதில் நான் இறங்கிவரமாட்டேன்.