பால்சாமிக் வினிகருக்குத் தமிழ்ச்சொல்: வியாழனுக்குள் வேண்டும்

சென்னையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். வட இத்தாலியின் எமிலியா-ரோமாஞ்ஞா வட்டாரத்து உணவு மரபு பற்றிய நூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பார்மிஜானோ பாலாடைக்கட்டி, பார்மாவின் உப்பிட்ட பன்றித்தொடை எல்லாவற்றையும் எப்படியோ தாண்டிவிட்டேன். மோடெனா நகரத்து 'அச்சேத்தோ பால்சாமிகோ'வில், அதாவது பால்சாமிக் வினிகரில், மாட்டிக்கொண்டேன். வியாழக்கிழமை அத்தியாயம் போயாக வேண்டும்.

அந்தப் பெயரில் இரண்டு சரக்கு இருக்கிறது. மரபுவகையில் காய்ச்சிச் சுண்டவைத்த திராட்சைச் சாறு மட்டும்தான். அதை மரப்பீப்பாய்களில் குறைந்தது 12 ஆண்டு வைப்பார்கள். 25 ஆண்டு ஆனால் 'எக்ஸ்ட்ராவெக்கியோ' என்று தனிப் பெயர். 100 மில்லி புட்டியில்தான் வரும், விலையைக் கேட்டால் மயக்கம் வரும். மற்றது கடைகளில் பரவலாகக் கிடைப்பது. அதில் சாற்றோடு ஒயின் வினிகர் கலப்பார்கள், நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை 2 சதவீதம் வரை சேர்க்கலாம், முதிர்வுக்கு 60 நாள் போதும். தமிழில் இரண்டையும் பிரித்துக் காட்டியாக வேண்டும்.

திருச்சியிலிருந்து:

இதில் என்னம்மா சிக்கல்? வினிகருக்குக் 'காடி' என்ற நல்ல சொல் இருக்கிறது. பால்சாமிகோ என்பதற்கு 'நறுமணக் காடி', மற்றதற்கு 'மரபு நறுமணக் காடி'. முடிந்தது.

கோவையிலிருந்து:

ஐயா, எங்கள் பக்கம் காடி என்றால் மாட்டுக்கு வைக்கும் கழுநீர். இருபத்தைந்து வருடம் பொத்திப் பொத்தி வைத்ததை மாட்டுக்கு ஊற்றிய கதையாகிவிடும். 'காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி' என்ற பழமொழியிலும் அது புளித்த கஞ்சிதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

நாங்கள் 'வினாகிரி' என்றுதான் சொல்லுவம். சந்தையில் எந்த அம்மாவிடமும் காடி கேட்டுப் பாருங்கோ, உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பா.

மதுரையிலிருந்து:

காடியை விடுங்கள். மூலப்பொருள் திராட்சைச் சாறு. தெளிந்த மதுவுக்குத் 'தேறல்' என்ற சொல் இருக்கவே இருக்கிறது. 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்று புறநானூறு 56இல் நக்கீரர் பாடவில்லையா? மேற்குக் கடலிலிருந்து வந்த சரக்குக்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே பெயர் வைத்துவிட்டோம். 'புளித்தேறல்' என்பது என் பரிந்துரை.

இன்னொன்று. 'பால்சாமிகோ'வுக்கு அடியான 'பால்சம்' (மணப்பிசின்) என்பதன் வேர் தமிழ்ப் 'பால்' ஆக இருக்கலாம். மரத்தில் வடியும் பிசினை நாம் மரப்பால் என்கிறோமே.

சிங்கப்பூரிலிருந்து:

அண்ணா, அந்தச் சொல் லத்தீனுக்குக் கிரேக்கத்திலிருந்து வந்தது, கிரேக்கத்துக்கு எபிரேயம் போன்ற செமித்திய மொழியிலிருந்து. மணப்பொருளை எபிரேயத்தில் 'போசெம்' என்பார்கள். பாலுக்கு அங்கே இடமில்லை. இந்த வினிகரிலும் பிசின் ஒரு சொட்டு கிடையாது. ஒரு காலத்தில் மருந்தாகக் கொடுத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். அப்படிப் பார்த்தால் 'நறுமண' என்பதும் சரியில்லை.

மதுரையிலிருந்து:

எபிரேயத்துக்கு எங்கிருந்து போயிற்று என்று யோசித்தீர்களா? அகிலும் சந்தனமும் எங்கிருந்து போயின? (விரிவான மடல் தனியே.)

சென்னையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, தயவுசெய்து தனி இழையில் போடுங்கள். பீப்பாய் வரிசைக்கும் ஒரு சொல் வேண்டும், இத்தாலியனில் 'பத்தேரியா'. ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரி, ஜூனிபர் என்று வெவ்வேறு மரத்தில், பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கியிருப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஆகச் சிறிய பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டு, அந்தக் குறையை அடுத்த பெரியதிலிருந்து நிரப்புவார்கள். அதை அதற்கடுத்ததிலிருந்து. கடைசிப் பெரிய பீப்பாயில் புதுச் சாறு போகும். அதனால் ஒரு புட்டியில் எந்த வருடத்துச் சரக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. பெண் பிறந்தால் இப்படி ஒரு வரிசையைத் தொடங்கிச் சீதனமாகக் கொடுக்கும் வழக்கமும் உண்டாம்.

கோவையிலிருந்து:

பெரிசிலிருந்து சிறிசாக அடுக்கினால் அது கொலுதான். 'பீப்பாய்க் கொலு'!

திருச்சியிலிருந்து:

விளையாட வேண்டாம் தம்பி. 'கலநிரை' என்று வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

கொலு விளங்குது. கலநிரை எனக்கு விளங்கேல்லை.

பெங்களூரிலிருந்து:

தாமதமாக வருகிறேன். சட்டக் கோணம் ஒன்று. ஒரு ஜெர்மானிய நிறுவனம் தன் சரக்கில் 'பால்சாமிகோ' என்று போட்டது வழக்கானது. 'அச்சேத்தோ', 'பால்சாமிகோ' இரண்டும் பொதுச்சொற்கள், பாதுகாப்பு 'மோடெனா' சேர்ந்த முழுப்பெயருக்குத்தான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. ஆக, 'மோடெனா'வில் கை வைக்காதீர்கள், மற்றதை எப்படியும் தமிழாக்கலாம்.

இரண்டு சரக்கையும் பிரிப்பது மரபு மட்டுமல்ல. மரபுவகைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 'டிஓபி' முத்திரை: எல்லா வேலையும் அந்த மண்ணிலேயே நடக்க வேண்டும். மற்றதற்கு 'ஐஜிபி': ஒரு கட்டமாவது அங்கே நடந்தால் போதும். நாம் இரண்டையும் 'புவிசார் குறியீடு' என்று ஒரே மூட்டையில் கட்டினால் வாசகருக்கு என்ன புரியும்? முதலாவதை 'முழுப் புவிசார் குறியீடு' என்று சொல்லிப் பாருங்கள்.

சிங்கப்பூரிலிருந்து:

இது நல்லது. காடியை விட இதுதான் அவசரத் தேவை.

சென்னையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

நாளை வியாழன். நான் அனுப்பப்போவது: 'மோடெனா மரபு பால்சாமிக் வினிகர்', மற்றதற்கு 'மோடெனா பால்சாமிக் வினிகர்'. முத்திரைக்கு 'முழுப் புவிசார் குறியீடு', 'புவிசார் குறியீடு'. வரிசைக்குப் 'பீப்பாய் அடுக்கு'. கொலுவை ஒரே ஒரு இடத்தில் விளக்கமாக வைத்திருக்கிறேன். காடி சொல்லடைவில் மட்டும் வரும். பெரும்பாலோர் 'சரி, விடுங்கள்' என்றுதான் எழுதியிருந்தீர்கள், அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன். நன்றி.

திருச்சியிலிருந்து:

என் மறுப்பு பதிவாகட்டும். வினிகரும் பால்சாமிக்கும் இருக்க, இதில் தமிழ் 'மரபு' ஒன்றுதான்.

மதுரையிலிருந்து:

என்னுடையதும். அப்புறம், 'பீப்பாய்' போர்த்துகீசியச் சொல் என்பது தெரியும்தானே? 'மிடா' என்றால் என்ன குறைந்துவிடும்?