பழைய சீடி, டிவிடியை லண்டன் இணையச் சேவைக்கு வித்தா நியாயமான விலை வருமோ?

உப்புவெளி_77:
வணக்கம், இடம் திருகோணமலை. வீட்டில கிட்டத்தட்ட 180 தட்டு கிடக்கு: ஆங்கிலப் பாட்டுச் சீடி 90 வரை, தமிழ்ப் படப்பாட்டுச் சீடி 40 சொச்சம், ஆங்கிலப் பட டிவிடி 35, மிச்சம் புளூ-ரேயும் பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) கேமும். மாமா லண்டனுக்குத் திரும்பிப் போகேக்க குடுத்துவிட்டு, பார்கோட்டைப் பார்த்து வாங்கிற சேவை ஒண்டுக்கு அனுப்பலாம் எண்டு யோசனை. நம்பரை அடிச்சுப் பார்த்தா கனக்கச் சீடிக்கு 10, 20 பென்ஸ்தான் காட்டுது. ஒண்டு ரெண்டுக்கு 2 பவுண்ஸ். தமிழ்ச் சீடி ஒண்டையும் அதுக்குத் தெரியேல்லை. இது ஏமாத்தோ, இல்லை விலையே இவ்வளவுதானோ?

சுழல்தட்டு:
ஏமாத்து இல்லை, அது மொத்த வியாபாரி குடுக்கிற விலை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கோ. இணையத்தில தபால் செலவோட 3 பவுண்ஸுக்குப் போற சீடி ஒண்டில, விக்கிற தளத்தின்ர தரகு, வாங்கினவருக்கு அனுப்பிற தபால், உங்கட பெட்டியை இலவசமா எடுக்கிற செலவு, தட்டைச் சோதிக்கிற ஆளின்ர சம்பளம், விக்காமல் தேங்கிறதின்ர நட்டம் எல்லாம் கழிய, மிஞ்சிறது சில்லறைதான். கோடிக்கணக்கில அடிச்ச 90களின் ஆங்கில ஹிட் சீடிக்கு 10 பென்ஸ் நியாயமான விலை எண்டே சொல்லுவன்.

அநியாயம் நடக்கிறது வேற இடத்தில. 2 பவுண்ஸ் காட்டுற தட்டுகளில. அந்தச் சேவை 2 குடுக்குது எண்டா வெளியில அது 6, 8க்குப் போகுது எண்டு அர்த்தம். அதுகளைப் பெட்டிக்குள்ள போடாமல் புறம்பா எடுத்து வையுங்கோ.

உண்மையான விலை பார்க்க: ஈபேயில கேக்கிற விலையைப் பார்க்காமல், 'விற்றுமுடிந்தவை' வடிகட்டியைப் போட்டுப் பாருங்கோ. கேக்கிறதுக்கு ஆரும் எவ்வளவும் கேக்கலாம். பாட்டுச் சீடி எண்டா டிஸ்கொக்ஸில (பாட்டுத் தட்டுகளைப் பட்டியல் போட்டு விக்கிற தளம்) அந்தப் பதிப்பின்ர பக்கத்தில கடைசியா வித்த திகதி, ஆகக் குறைஞ்ச விலை, நடுவிலை, ஆகக் கூடின விலை நாலும் கிடக்கும். பதிப்பைச் சரியாப் பிடிக்க, தட்டின்ர நடு ஓட்டையைச் சுத்தி உள்வளையத்தில அடிச்சிருக்கிற இலக்கத்தை வாசியுங்கோ. அட்டை ஒரே மாதிரி இருந்தாலும் அது மாறும். படமும் கேமும் எண்டா சீஈஎக்ஸ் எண்ட பழைய சாமான் வாங்கி விக்கிற கடையின்ர தளத்தில அவை வாங்கிற விலையும் விக்கிற விலையும் பக்கத்தில பக்கத்தில இருக்கும். காசா எடுத்தா குறைய, வவுச்சரா எடுத்தா கூட.

டைக்வீதி_ஓடியோ:
தங்கச்சி, விலைக்கு முதல் நிறையைப் பாருங்கோ. பெட்டியோட ஒரு சீடி ஏறக்குறைய 100 கிராம். 180 எண்டா 18 கிலோ. மாமாவின்ர பொதியில பாதிக்கு மேல 10 பென்ஸ் சாமானுக்காகப் போகப்போகுது. தபாலில அனுப்பிறது எண்டா அதைவிட நட்டம். ஆங்கில ஹிட் சீடியை இங்கயே ஆருக்கும் குடுங்கோ.

மற்றது, தமிழ்ச் சீடியை அந்தச் சேவை அறியாததுக்குக் காரணம்: பழைய தமிழ் வெளியீடுகள் கனத்தில பார்கோட்டே இல்லை, இருந்தாலும் அவையின்ர பட்டியலில ஏறியிருக்காது. பெறுமதி இல்லை எண்டு அர்த்தம் இல்லை. உங்களிட்ட இருக்கிறதில காசு வரக்கூடிய பகுதியே அதுதான். ஓரியண்டல், பிரமிட் போன்ற பாட்டு வெளியீட்டு நிறுவனங்களின்ர முதல் பதிப்புகளைத் தேடுற சேகரிப்பாளர்கள் இருக்கினம். அந்த 40ஐ மட்டும் குடுத்துவிடுங்கோ.

குடுத்துவிடேக்க பிளாஸ்டிக் பெட்டியைக் கழட்டுங்கோ. நிறையில பெரும்பங்கு அதுதான், தட்டு 16 கிராம் வரைதான். தட்டை மென்மையான உறையில போட்டு, முன் புத்தகத்தையும் பின் கடதாசியையும் ரெண்டு மட்டைக்கு நடுவில தட்டையா வையுங்கோ. பின் கடதாசியின்ர ரெண்டு ஓர மடிப்பு உடைஞ்சா விலை விழும். தெளிவான வெறும் பெட்டி லண்டனில வாங்கிப் போடலாம், வாங்கிறவை அதைக் குறையாச் சொல்லமாட்டினம்.

ஆனா ஒரு கடதாசியும் பிளாஸ்டிக்கோட ஒட்டிப்போய் இருந்தா இழுக்காதேங்கோ. நம்மட கடற்கரை ஈரத்துக்கு அது சாதாரணம். இழுத்தா அச்சு மை பிளாஸ்டிக்கிலயே தங்கிடும். அப்பிடியே பெட்டியோட அனுப்புறது நல்லது.

உப்புவெளி_77:
நன்றி அண்ணா. சில தட்டில கீறல் இருக்கு. சில தமிழ்ச் சீடியில வெளிச்சத்துக்குப் பிடிச்சா ஊசி குத்தின மாதிரிப் புள்ளி தெரியுது. பற்பசை போட்டுத் தேச்சாச் சரியாகும் எண்டு வீட்டில சொல்லுகினம்.

டைக்வீதி_ஓடியோ:
பற்பசையைக் கிட்டவும் கொண்டுபோகாதேங்கோ. சேகரிப்பாளர் தேச்ச தட்டைக் கண்டவுடனே தரத்தை இறக்கிப் போடுவார்.

புள்ளி எண்டா அலுமினியப் படலம் அந்த இடத்தில போயிட்டுது. சீடியில அந்தப் படலம் பெயர் அச்சிட்ட மேல்பக்கத்துக்கு உடனே கீழ இருக்கு, காப்பு ஒரு மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும்தான். அதால மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து. கீழ்ப்பக்கத்தில 1.2 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் இருக்கு, அதில ரெண்டு கீறல் விழுந்தாலும் தப்பும். டிவிடி ரெண்டு 0.6 மில்லிமீற்றர் தகட்டை ஒட்டினது, தகவல் நடுவில. புளூ-ரேயில தகவல் வாசிக்கிற பக்கத்தில இருந்து 0.1 மில்லிமீற்றரில இருக்கு, மேல கடினப் பூச்சு. அதைத் தேச்சு மினுக்கிற கதைக்கே இடமில்லை.

ஒண்டு ரெண்டு புள்ளி எண்டா பாட்டு ஓடும். சீடியின்ர பிழைதிருத்தம் தடத்தின் நீளவாக்கில ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றர் வரை தொடர்ச்சியா அழிஞ்சதைச் சரிக்கட்டும். துடைக்கேக்க நடுவில இருந்து விளிம்புக்கு நேராத் துடைக்கச் சொல்லுறதும் இதாலதான். வட்டமாத் துடைச்சு வட்டமாக் கீறல் விழுந்தா, அது ஒரே தடத்தைத் தொடர்ந்து தின்னும்.

துடைக்க: காய்ச்சி வடிச்ச தண்ணி, ஒரு துளி பாத்திரம் கழுவிற திரவம், பஞ்சுத்துணி. தின்னர், அசிட்டோன் கூடாது. பிறகு கணினியில எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி எண்ட சீடி வாசிக்கிற மென்பொருளால, பிழை பார்த்து வாசிக்கிற பாதுகாப்பு முறையில ஒருக்கா முழுசா வாசிச்சுப் பாருங்கோ. பிழை காட்டின தட்டை 'பிழை உண்டு' எண்டு எழுதித்தான் விக்க வேணும்.

சுழல்தட்டு:
விட்டுப்போனது சிலது.

சேவைக்கு எதையாவது அனுப்பிறதா இருந்தா நிபந்தனையில 'நிராகரித்த பொருள் திருப்பி அனுப்பப்படாது' எண்டு இருக்கோ பாருங்கோ. பெரும்பாலும் இருக்கும். கீறல், முன் கடதாசி இல்லாதது, 'விற்பனைக்கல்ல' அச்சிட்டது, பத்திரிகையோட இலவசமா வந்தது எல்லாம் தள்ளுபடி. கொப்பித் தட்டு ஒண்டும் வேண்டாம். வாசிக்கிற பக்கம் பச்சையோ ஊதாவோ அடிச்சா அது வீட்டில எழுதின தட்டு, அச்சிட்டது வெள்ளி. 94க்குப் பிறகு வந்த ஒறிஜினலில உள்வளையத்தில ஐஎஃப்பிஐ (உலக இசைத்துறை அமைப்பு) குறியீடு கனக்கத் தட்டில இருக்கும்.

லண்டனில மாமா தன்ர பேரில ஈபேயில போட்டா, 2024 அக்டோபரில இருந்து அங்க தனிநபர் விற்பனைக்கு விற்பனைக் கட்டணம் இல்லை. டிஸ்கொக்ஸ் எடுக்கிறது 9 வீதம், தபால் காசிலயும் சேர்த்து. சீடி பெட்டியோட 1 சென்றிமீற்றர் தடிப்பு, ஆனபடியா 2.5 சென்றிமீற்றர் வரை போற பெரிய கடித விலையிலயே அனுப்பலாம். பார்சல் விலை குடுக்கத் தேவையில்லை.

விற்பனைக்குக் கொண்டுபோற சாமான் பிரித்தானியச் சுங்கத்தின்ர தனிப்பாவனைச் சலுகைக்குள்ள வராது. மாமாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கோ.

உப்புவெளி_77:
டிவிடியையும் கேமையும் என்ன செய்யிறது?

சுழல்தட்டு:
டிவிடி எந்த நாட்டுப் பிளேயரில ஓடும் எண்டு காட்டிற வலய எண் இலங்கைக்கு 5, லண்டனுக்கு 2. அட்டையில 5 எண்டு மட்டும் இருந்தா அங்க சாதாரண பிளேயரில ஓடாது, இக்மனில (இலங்கை விளம்பரத் தளம்) மொத்தமாப் போடுங்கோ. பிஎஸ்3 கேமுக்கு வலயப் பூட்டு இல்லையெண்டே சொல்லலாம். முதுகில பிஎல்இஎஸ் எண்டு தொடங்கிற எண் இருந்தா அது ஐரோப்பியப் பதிப்பு, லண்டன் சேவைகள் வாங்கும். பிஎல்ஏஎஸ் எண்டா ஆசியப் பதிப்பு, இங்கயே குடுங்கோ.