பக்கச் சக்கரங்களைக் கழற்றியதும் சாய்ந்துவிடுகிறாள்

கேள்வி: பக்கச் சக்கரங்களுடன் நன்றாக மிதிவண்டி ஓட்டும் என் ஐந்து வயது மகள், அவற்றைக் கழற்றியதும் உடனே சாய்ந்துவிடுகிறாள். எப்படிப் பழக்கலாம்?

பதில் 1: பக்கச் சக்கரங்கள் மிதிக்கக் கற்றுத்தருமே தவிர, வண்டி சாயும் பக்கமாகவே கைப்பிடியைத் திருப்பி நிமிர்த்துவதைக் கற்றுத்தருவதில்லை. ஆகவே பெடல்களையும் கழற்றி, இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் படியும் அளவுக்கு இருக்கையைத் தாழ்த்தி, காலால் உந்திச் செல்லவிடுங்கள்; கால்களைத் தூக்கியபடி உருளத் தொடங்கிய பின் பெடல்களை மாட்டலாம். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையிலானது என்பதால், அதைக் கடிகாரச் சுற்றில் திருகினால்தான் கழலும்.

பதில் 2: நானும் இதையே சொல்வேன். தாங்கிப் பிடிப்பதானால் குழந்தையின் அக்குளுக்குக் கீழே பிடியுங்கள். கைப்பிடியைப் பற்றினால் ஓட்டுவது நீங்களாகிவிடுவீர்கள்.

கேட்டவர்: நன்றி. பிரேக் பிடிக்க எப்போது பழக்குவது?

பதில் 1: பெடல்களை மாட்டும் முன்பே. விரல்கள் பிரேக்கை எட்டாவிட்டால், பல வண்டிகளில் அதிலுள்ள சிறு திருகாணியைத் திருகிக் கைப்பிடிக்கு அருகே கொண்டுவரலாம்.