பழைய வீட்டு மராமத்தில் ஷாக் அடிக்கிறது, வழி சொல்லுங்கள்
வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் ஐயா காலத்து வீட்டில் மராமத்து நடக்கிறது. வளவில் (உள்முற்றப் பகுதியில்) ஆத்தங்குடிக் கல் பதிக்கிறார்கள், தரை முழுக்க ஈரம். நேற்று கல் அறுக்கும் மெஷினைத் தொட்ட கொத்தனாருக்குச் சுரீரென்று ஷாக். நல்லவேளை, கையை உதறிவிட்டார். போய்ப் பார்த்தால், பிளக்கே இல்லை. ஒயரைச் சாக்கெட்டில் சொருகித் தீக்குச்சி வைத்து இறுக்கியிருக்கிறார்கள். டேப் சுற்றிய ஒட்டு தண்ணீரில் கிடக்கிறது. எனக்கு உடம்பே நடுங்கிவிட்டது. வேலையை நிறுத்திவிட்டேன்.

மெயினில் எம்.சி.பி. (மின்சுமை மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) மட்டும்தான். அது ஒயரைக் காக்கும், ஆளைக் காக்காது. ஆளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே அணையும் சுவிட்ச்) வேண்டும். பழைய ஒயரிங்கில் கசிவு இருந்தால் அது அடிக்கடி விழுமே, என்ன செய்வது? வேலைக்கென்று தனி போர்டு வைத்து, புதிதாக எர்த் குழி எடுக்கலாமா? காரைக்குடிப் பக்கம் மெக்கர் (ஒயரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி) வைத்துச் சோதிக்கும் லைசென்ஸ் எலக்ட்ரீஷியன் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அதுவரை மெஷினைத் தொட விடமாட்டேன்.