கரண்டு சூளைல டைல்ஸ் அடுக்கறது எப்படிங்க? மூலை தூக்குது, குறுக்க வெடிக்குது

பொள்ளாச்சி_களிமண்:
வணக்கமுங்க. வீட்டுக்குப் பொறவால சின்ன கரண்டு சூளை வெச்சிருக்கறனுங்க, உள்ள ஒன்றரை அடி அகலம். இத்தன நாளா கப்பு, கிண்ணம்னே ஓடிட்டிருந்துது, தொந்தரவில்ல. இப்ப ஒறம்பரை ஒருத்தங்க சமையக்கட்டு சுவத்துக்குக் கையில பண்ணுன டைல்ஸ் 100 வேணும்னாங்க, சரின்னு ஆறு இஞ்சு சதுரம், அரை இஞ்சு கனத்துல போட்டாச்சு. முதல் சுடு 1000 டிகிரி, எடம் பத்தலைன்னு எட்டு எட்டா ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கிட்டன். தொறந்து பாத்தா அடியில இருந்ததெல்லாம் குறுக்க வெடிச்சுக் கெடக்குது, சூடேத்தற கம்பியோரம் இருந்தது மூலை தூக்கிருச்சு. தப்பிச்சதுல 12 எடுத்து கிளேஸ் (கண்ணாடி மாதிரி மினுக்கற பூச்சு) போட்டு 1200க்கு விட்டா மூணு டைல் சூளைத் தட்டோட ஒட்டிக்கிச்சு, உளி வெச்சுத் தட்டித்தான் எடுத்தனுங்க, தட்டும் போச்சு. மூணு முள்ளு வெச்ச ஸ்டில்ட்ங்கற தாங்கி மேல வெச்சா சரியாகுமா?

குனியமுத்தூர்_அக்கா:
தம்பி, ஸ்டில்ட் வேண்டாம் சாமி. அது 1000, 1050ல கிளேஸ் சுடறவங்களுக்கு. 1200ல களி எளகுமில்ல, முள்ளுக்கு நடுவுல டைல் தொங்கிரும். அடியில கிளேஸ் படாம வழிச்சுட்டு, ஓரத்துலயும் ஒரு ரெண்டு மூணு மில்லி ஈர ஸ்பான்ஞ்சுல தொடச்சுட்டு நேரா தட்டு மேலயே வைங்க.
வெடிக்கறதுக்குக் காரணம் அடுக்கு தான். எட்டு டைல் சேந்தா நாலு இஞ்சு கட்டை மாதிரி ஆயிருது, ஓரம் சூடாகி நடுவு பச்சையாவே கெடக்கும், 573 டிகிரி தாண்டறப்ப களிக்குள்ள இருக்கற குவார்ட்ஸ்ங்கற மணல் கல்லு சட்டுனு விரியும், ஆறறப்ப அதே எடத்துல சுருங்கும், ஓரம் தாண்டிப் போயிருச்சு நடுவு போகலைன்னா பொளந்துக்காம என்ன பண்ணும்? அடியில இருக்கறதுக்கு இன்னும் மோசம், கனமான தட்டு சீக்கிரம் சூடாகாது, சீக்கிரம் ஆறாது. மூணு டைலுக்கு மேல அடுக்காதீங்க, 500ல இருந்து 650 வரைக்கும் மெதுவா ஏத்துங்க, ஆறவிடறப்பவும் அங்க அவசரம் கூடாது. கம்பில இருந்து ஒரு இஞ்சாவது தள்ளியே வெக்கோணும், ஒரு பக்கம் மட்டும் வெந்தா மூலை தூக்கத்தான் செய்யும்.
கிளேஸ் ஒட்டாம இருக்க, தட்டுக்கு அலுமினா ஹைட்ரேட்டுங்கற வெள்ளப் பொடியும் சைனா களியும் (வெள்ளக் களிமண்) சரிபாதி தண்ணில கரைச்சு மேல்பக்கம் மட்டும் பூசுங்க. அடிப்பக்கம் பூசுனா உதுந்து கீழ இருக்கற கிளேஸ் மேல விழும். நான் அப்பிடி ஒரு லோடே பாழாக்கினவ தான்.

ஓட்டுச்சூளை_பேரன்:
ஏனுங்க எல்லாரும் படுக்கவே வெக்கறீங்க? நம்ம ஊர் சீமை ஓடு எப்பிடி அடுக்கறது, குத்தாத்தான? மங்களூர்ல பாசல் மிஷன் பாதிரிமாருங்க 1865ல ஓடு போட ஆரம்பிச்சதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் சூளைல ஓடு நிக்குது. முதல் சுடுக்கு நீங்களும் குத்தா நிறுத்திப் பாருங்க, ரெண்டு பக்கமும் காத்துப் போகும், எடமும் எச்சாக் கெடைக்கும். தாத்தா காலத்துல அடில மணல் தூவுவாங்க, சுருங்கறப்ப வழுக்கிப் போகும்.

விருத்தாசலத்துல_படிச்சவன்:
குத்தா வெக்கறது சரிதான் அண்ணா, ஆனா செங்குத்தா நிக்கணும், பக்கத்துல ஒரு செங்கல் முட்டு கொடுத்து. கொஞ்சம் சாஞ்சா சாஞ்சபடியே வளைஞ்சிரும். அதுவும் முதல் சுடுக்கு மட்டும்.
மணல் ஓட்டுக்கு ஓகே, கிளேஸ் டைலுக்கு வேண்டாம், மேல் தட்டுல இருந்து ஒரு துளி கீழ விழுந்தாலும் கிளேஸ்ல முள்ளு மாதிரி நிக்கும். அலுமினா பொடி லேசாத் தூவுங்க. 1200ல ஆறு இஞ்சு டைல் கால் இஞ்சு கூட சுருங்கும், அது நகரணும்ல.
அக்கா சொல்லாம விட்டது ஒண்ணு, தட்டு. இரும்பு ஸ்கேலை குறுக்க வெச்சு அடியில வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க, தட்டு தொங்கியிருந்தா டைலும் அதே வளைவுல தான் வரும். தட்டைத் தாங்கற குத்துக்கால் நாலு வேண்டாம், மூணு போதும், மூணு கால் ஆடாது. மேல் தட்டோட கால் கீழ் தட்டோட கால் மேலயே நேரா வரணும், இல்லன்னா தட்டு ஒடியும். நெறைய பண்ணப்போறீங்கன்னா டைல் வெக்கற அடுக்கு ஸ்டாண்டு கார்டியரைட்டுல (சூடு தாங்கற பீங்கான்) கெடைக்கும், ஒவ்வொண்ணுக்கும் தனி மாடம். வெலை தான் வலிக்கும். குஜராத் மோர்பி டைல்ஸ் ஃபேக்டரிகள்ல ரோலர் சூளைல, உருளை மேல ஒரே வரிசையா ஓட்டி ஒரு மணி நேரத்துக்குள்ள எடுத்துடறாங்க, அவங்களுக்கு அடுக்கற தொல்லையே இல்ல.

பொள்ளாச்சி_களிமண்:
ஸ்கேல் வெச்சுப் பாத்தனுங்க, நாலு தட்டுல ரெண்டுல நடுவுல நல்லா வெளிச்சம் தெரியுது!! நான் களிய மாத்தலாம்னு இருந்தன். அந்த ரெண்டையும் கப்புக்கு ஒதுக்கியாச்சு. அப்ப கிளேஸுக்கு ஒரு லோடுக்கு எட்டு டைல் தான் புடிக்கும் போல, 100க்கு 13 லோடு. ஒறம்பரைக்கு போன் போட்டு ஆடி நோம்பிக்கு ஆகாது, தீபாவளிக்குத்தான்னு சொல்லிப்போட்டனுங்க.

குனியமுத்தூர்_அக்கா:
110 போடு தம்பி, 100 வேணும்னா.